கார்டு விளையாட்டும் கைக்குழந்தையும்: பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

போக்கிமான், மேஜிக், யூ-கி-ஓ மாதிரியான கார்டு விளையாட்டுகளில் வருடக்கணக்காக ஊறியவர்கள், வீட்டில் குழந்தை வந்ததும் கேட்கும் சந்தேகங்கள் இவை. கேட்டவர்களின் பேச்சிலேயே கேள்விகளை வைத்திருக்கிறோம். ஓரிடத்தில் சொன்னது இன்னோரிடத்தில் தேவைப்பட்டால் கேள்வி எண்ணைக் கொடுத்திருக்கிறோம்.

1. பாப்பா பிறந்து ரெண்டு மாசம் ஆகுது. இனிமே கார்டு பக்கம் தலைவெச்சே படுக்க முடியாதா?

முடியும். ஆனால் எதை விளையாடலாம் என்று பார்க்கும்போது, "பாதியில் எழுந்து போனால் ஆட்டம் என்ன ஆகும்?" என்பதை முதலில் கேளுங்கள். மேஜிக்கில் கமாண்டர் என்றால் வழக்கமாக நாலு பேர், ஆளுக்கு 100 கார்டு, 40 உயிர்ப்புள்ளி. ஒன்றரை மணி நேரம் போவது சாதாரணம். குழந்தை அழுது நீங்கள் எழுந்தால் மூன்று பேர் கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்க வேண்டும். போக்கிமானில் இரண்டே பேர், 60 கார்டு டெக் (ஒருவர் ஆடும் கார்டு அடுக்கு), 6 பரிசுக் கார்டு (எதிராளியின் போக்கிமானை வீழ்த்தும்போது எடுப்பது; எல்லாவற்றையும் எடுத்தவர் வெற்றி). பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும், நிறுத்தினாலும் ஒருவருக்குத்தான் தொந்தரவு.

முதல் மூன்று மாதம் எந்தப் போட்டிக்கும் பெயர் கொடுக்காமல் இருப்பது நல்லது. அந்த நாட்களுக்கு ஏற்றவை எப்போது வேண்டுமானாலும் கீழே வைக்கக்கூடிய வேலைகள்: சேர்ந்து கிடக்கும் கார்டுகளை நிறவாரியாகப் பிரிப்பது, இரட்டிப்பாக இருப்பதை எடுத்து வைப்பது, அடுத்த டெக்கின் பட்டியலை எழுதுவது. பிரித்து வைத்த கார்டு பின்னால் விற்கவும், பிள்ளைக்குக் கொடுக்கவும் உதவும்.

2. குழந்தை ஒன்பது மணிக்குத் தூங்கும். எனக்கும் வீட்டுக்காரருக்கும் ஒரு மணி நேரம்தான் கிடைக்கும். அதுக்குள்ள என்ன விளையாடலாம்?

ஆட்டத்தை இரண்டு மூன்று இரவுகளுக்குப் பிரித்துக்கொள்ளக்கூடிய முறைகள்தான் இதற்குச் சரி. எங்கள் முதல் பரிந்துரை வின்ஸ்டன் டிராஃப்ட். மேஜிக்கை உருவாக்கிய ரிச்சர்ட் கார்ஃபீல்ட் இருவருக்கென்றே வகுத்த முறை. 90 கார்டுகளைக் கலைத்துக் கவிழ்த்து வையுங்கள். அதிலிருந்து ஒவ்வொரு கார்டாக மூன்று குவியல் கவிழ்த்து வையுங்கள். உங்கள் முறை வரும்போது முதல் குவியலை எடுத்துப் பாருங்கள். பிடித்திருந்தால் முழுவதையும் எடுத்துக்கொண்டு, அந்த இடத்தில் புதிதாக ஒரு கார்டை வையுங்கள். பிடிக்காவிட்டால் அதன்மேல் இன்னொரு கார்டைப் போட்டுவிட்டு அடுத்த குவியலுக்குப் போங்கள். மூன்றுமே பிடிக்கவில்லை என்றால் பெரிய அடுக்கின் மேல் கார்டு, என்ன வந்தாலும் சரி, உங்களுடையது. எல்லாம் தீர்ந்ததும் ஆளுக்கு 40 கார்டு டெக். அதில் 16 அல்லது 17 நிலக் கார்டுகள் (மற்ற கார்டுகளை ஆடத் தேவையான சக்தி தருபவை). முதல் இரவு தேர்வு, இரண்டாம் இரவு டெக் கட்டுவது, அதன்பின் ஆட்டங்கள்.

இதற்குப் புது பேக் (பிரிக்காத கார்டு பொட்டலம்) வாங்கத் தேவையில்லை. கையில் உள்ள கார்டிலேயே 90 பொறுக்கி ஒரு பெட்டியில் வைத்தால் வருடம் முழுவதும் அதையே திரும்பத் திரும்ப ஆடலாம். அந்த அளவுக்கும் நேரமில்லை என்றால் 2020-இல் வந்த ஜம்ப்ஸ்டார்ட் இருக்கிறது: 20 கார்டு பேக் இரண்டைச் சேர்த்துக் கலைத்தால் 40 கார்டு டெக் தயார். டெக் கட்டும் நேரமே மிச்சம்.

3. பாதி ஆட்டத்துல குழந்தை எழுந்துட்டா எல்லாத்தையும் கலைச்சுடணுமா?

வேண்டாம். செல்போனை நேர் மேலே பிடித்து மேசையை ஒரு படம் எடுங்கள். டைஸில் எந்த எண் மேலே இருக்கிறது என்பது படத்தில் தெரிய வேண்டும். பிறகு உங்கள் கையில் உள்ள கார்டுகளை டெக்கின் அடியில் வையுங்கள். இரண்டுக்கும் நடுவே ஒரு டோக்கன் கார்டைக் குறுக்காகச் செருகினால் எது கை, எது டெக் என்று குழம்பாது. பரிசுக் கார்டுகளை இன்னொரு குறுக்குக் கார்டு வைத்து அதற்கும் கீழே. ஆட்டத்திலிருந்து போன கார்டுகள் தனி ரப்பர் பேண்டில். ஸ்லீவ் (பிளாஸ்டிக் உறை) போடாத கார்டில் ரப்பர் பேண்ட் மாட்டாதீர்கள், ஓரம் பள்ளம் விழும். யாருடைய முறை, அந்த முறையில் எனர்ஜியோ (போக்கிமானில் தாக்கத் தேவையான கார்டு) நிலமோ போட்டாகிவிட்டதா என்பதை ஒரு துண்டுச்சீட்டில் எழுதுங்கள். மறுநாள் சண்டை வருவது எப்போதும் இந்த ஒரு விஷயத்தில்தான்.

4. ராத்திரி பால் கொடுக்கும்போது போனில் விளையாடலாமா?

ஆட்டம் எவ்வளவு நீளம் என்பதைப் பாருங்கள். 2024 அக்டோபரில் வந்த போக்கிமான் டிசிஜி பாக்கெட்டில் 20 கார்டு டெக், 3 புள்ளி எடுத்தால் வெற்றி. சில நிமிடங்களில் முடியும். மேஜிக்கின் இணைய வடிவமான மேஜிக் அரீனாவில் ஆட்டம் நீளும். எதிராளி காத்திருப்பதால் நேரக்கட்டுப்பாடும் உண்டு. டயபர் மாற்றப் போனால் தோற்றுவிடுவீர்கள். தரவரிசை ஆட்டத்தை அந்த நேரத்தில் தொடவே வேண்டாம்.

இதைவிட முக்கியமானது தூக்கம். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு சோபாவிலோ சாய்வு நாற்காலியிலோ கண் அசந்துவிட்டால் குழந்தைக்கு மூச்சு முட்டும் ஆபத்து உண்மையானது. கண் சொக்குகிறது என்றால் போனை வைத்துவிட்டுக் குழந்தையை அதன் படுக்கையில் கிடத்துங்கள். திரையைக் குழந்தை பார்க்காதபடி பிடியுங்கள். இரண்டு வயதுக்குள் திரை நேரமே வேண்டாம் என்றும், இரண்டு முதல் நாலு வயது வரை ஒரு நாளில் ஒரு மணி நேரத்துக்கு மிகக்கூடாது என்றும் உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னது.

5. வெள்ளிக்கிழமை கார்டு கடைக்குப் போய் ஆடிட்டு வரேன்னு சொன்னா வீட்ல முகம் தூக்கறாங்க. என்ன செய்யறது?

"கொஞ்ச நேரத்தில் வந்துவிடுவேன்" என்று சொல்வதை நிறுத்துங்கள். அதுதான் பிரச்சினையே. ஒரு டிராஃப்ட் மாலையைக் கணக்குப் போட்டுப் பாருங்கள்: கார்டு தேர்வு 40 நிமிடம், டெக் கட்ட 25 முதல் 30 நிமிடம், 50 நிமிடச் சுற்று மூன்று, சுற்றுகளுக்கு நடுவே பத்துப் பத்து நிமிடம். ஏழு மணிக்குத் தொடங்கினால் பதினொன்றுக்கு முடியும், போக்குவரத்து தனி. குழந்தைக்குச் சோறு ஊட்டுவது, குளிப்பாட்டுவது, தூங்க வைப்பது, மூன்றும் இந்த நேரத்துக்குள்தான் வருகின்றன. முகம் தூக்காமல் என்ன செய்வார்கள்?

ஐந்து மணி நேரம் வெளியே போகிறீர்கள் என்றால் அதே வாரத்தில் அதே ஐந்து மணி நேரம் அவருக்கும் முழுதாக வேண்டும். பிள்ளையை நீங்கள் பார்த்துக்கொள்ளும் ஐந்து மணி நேரம். மாமியாரிடமோ அம்மாவிடமோ விட்டுவிட்டு நீங்கள் கார்டு பிரிக்கும் நேரம் இதில் சேராது. நாள்காட்டியில் இரண்டையும் ஒரே சமயத்தில் எழுதுங்கள். அவருடைய நாள் தள்ளிப்போனால் உங்களுடையதும் தள்ளிப்போக வேண்டும்.

எல்லாச் சுற்றும் ஆடித்தான் வர வேண்டும் என்றும் இல்லை. அடுத்த சுற்றின் ஜோடி அறிவிக்கும் முன் நடத்துபவரிடம் சொல்லிவிட்டு விலகலாம். சொல்லாமல் கிளம்பினால் ஒருவர் ஆளில்லாத நாற்காலிக்கு எதிரே உட்கார்ந்திருப்பார்.

6. கமாண்டர் கூட்டத்தை விட மனசே வரல. நாலு பேரும் பத்து வருஷ சிநேகிதம்.

விடாதீர்கள். மாதம் ஒன்று என்று வையுங்கள், உங்கள் வீட்டிலேயே. ஆட்டம் தொடங்கும் முன் "ஒன்பதரைக்கு நான் எழுந்துவிடுவேன்" என்று சொல்லிவிட்டால் யாருக்கும் மனக்கசப்பு வராது. ஆளுக்கு ஓர் ஊரில் இருந்தால் ஸ்பெல்டேபிள் தளத்தில் கேமரா வழியாக நிஜக் கார்டிலேயே ஆடலாம். கேமரா மேசையை நேர் மேலிருந்து பார்க்க வேண்டும், மேசைவிளக்கு பக்கவாட்டில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பளபளக்கும் ஃபாயில் கார்டு வெறும் வெள்ளையாகத் தெரியும்.

7. பையன் தவழ ஆரம்பிச்சுட்டான். கார்டால ஆபத்து இருக்கா?

கார்டு கசங்கும், கிழியும். பிள்ளைக்கு அதனால் பெரிய ஆபத்து இல்லை. கூடவே வரும் சாமான்கள்தான் ஆபத்து: டைஸ், கண்ணாடிக் குண்டு, சேதக் காய், நாணயம். மூன்று வயதுக்குட்பட்டவர்களின் பொம்மைகளைச் சோதிக்க 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு குழாயைப் பயன்படுத்துகிறார்கள். அதற்குள் முழுதாக அடங்கும் எதுவும் தொண்டையை அடைக்கலாம். வீட்டில் டாய்லெட் பேப்பர் சுற்றிவரும் அட்டைக் குழாயை வைத்துப் பாருங்கள். உங்கள் டைஸ் எல்லாம் அதில் விழும்.

உயிர்ப்புள்ளி எண்ணும் மின்னணுக் கருவியில் பொத்தான் பேட்டரி இருந்தால் அதை வீட்டை விட்டே அனுப்பிவிடுங்கள், அல்லது திருகாணி போட்ட மூடி இருக்கிறதா என்று பாருங்கள். விழுங்கிய பொத்தான் பேட்டரி இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாயை அரித்துவிடும். விழுங்கியிருக்கலாம் என்று சந்தேகம் வந்தாலே உடனே ஆஸ்பத்திரி. காத்திருந்து பார்க்கிற விஷயம் இல்லை. வீட்டில் ஆடும்போது எண்ணுவதற்குத் தாளும் பென்சிலும் போதும். ஆட்டம் முடிந்ததும் டைஸை எண்ணிப் பெட்டியில் போடுங்கள். எடுத்து வைத்தது எத்தனை என்று தெரிந்தால்தான் ஒன்று குறைவது தெரியும்.

8. பீரோவுக்குள்ள வெச்சா கார்டு வளையுது. அந்துருண்டை போட்டு வைக்கலாமா?

அந்துருண்டை வேண்டவே வேண்டாம். பார்க்க மிட்டாய் போல இருக்கும், விழுங்கினால் நஞ்சு. சில குழந்தைகளுக்கு ரத்த அணுக்களையே சிதைக்கும். பூச்சி வராமலிருக்க இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பா போதும்.

வளைவதற்குக் காரணம் ஈரக்காற்று. ஃபாயில் கார்டில் உலோகப் படலம் ஈரத்தை உறிஞ்சாது, காகிதம் உறிஞ்சி விரியும். அதனால் கார்டு படலத்தின் பக்கம் வளைகிறது. சென்னை போன்ற கடலோர ஊரில் இதைத் தவிர்க்கவே முடியாது, குறைக்கலாம். டப்பாவுக்குள் சிலிக்கா ஜெல் போடுங்கள். நீல நிறக் குருணை வேண்டாம், அதில் கோபால்ட் குளோரைடு இருக்கிறது, வெள்ளை போதும். அளவுக்கு மீறிப் போட்டால் காய்ந்து எதிர்ப்பக்கம் வளையும். பைண்டர் வாங்கும்போது பிவிசி இல்லாதது, பக்கவாட்டில் செருகும் பை உள்ளது என்று பார்த்து வாங்குங்கள். டப்பா இருக்க வேண்டிய இடம் பிள்ளை ஸ்டூல் போட்டாலும் எட்டாத உயரம். நாலு வயதில் ஸ்டூலை இழுத்து வரத் தெரிந்துவிடும்.

9. பாப்பா ஒரு கார்டை வாயில வெச்சு ஊற வெச்சுட்டா. காப்பாத்த முடியுமா?

ஸ்லீவில் இருந்தால் முதலில் வெளியே எடுங்கள். ஸ்லீவ் ஈரத்தை உள்ளேயே பிடித்து வைக்கும். தேய்க்காமல் டிஷ்யூவால் ஒற்றுங்கள். இரண்டு வெள்ளைத் தாளுக்கு நடுவே வைத்து மேலே கனமான புத்தகம், முதல் நாள் மட்டும் தாளை இரண்டு மூன்று முறை மாற்றுங்கள். செய்தித்தாள் ஆகாது, மை ஒட்டும். ஹேர் டிரையர் காட்டினால் அடுக்கு பிரிந்துவிடும். பல் பட்ட பள்ளம் போகாது. அந்தக் கார்டை டெக்கில் ஆடலாம், விற்கும்போது மட்டும் உள்ளதைச் சொல்லிவிடுங்கள்.

குழந்தையைத் திட்டுவதில் பயனில்லை. எட்டும் இடத்தில் இருந்தது பெரியவர் பொறுப்பு.

10. எத்தனை வயசுல கத்துக்கொடுக்கலாம்? என் பொண்ணுக்கு நாலு வயசு, இங்கிலீஷ் படிக்கத் தெரியாது.

போக்கிமானின் வழக்கமான வயது ஆறுக்கு மேல். நாலு வயதுக்காரர்களுக்கென்றே மை ஃபர்ஸ்ட் பேட்டில் என்ற பெட்டி உண்டு. அது கிடைக்காவிட்டால் வீட்டிலேயே செய்யலாம். ஆளுக்கு 20 கார்டு: அடிப்படைப் போக்கிமான் 10, ஒரே நிற எனர்ஜி 10. போக்கிமானில் நீண்ட வாசகம் எதுவும் இருக்கக்கூடாது. தாக்குதலின் பெயரும் ஓர் எண்ணும் மட்டும் உள்ளவை போதும். டிரெய்னர் கார்டு (உதவிக் கார்டு), பரிணாமம் (ஒரு போக்கிமான் மேல் அதன் வளர்ந்த வடிவத்தை வைப்பது), பலவீனம் (சில வகைத் தாக்குதலில் கூடுதல் சேதம்) எல்லாம் இப்போதைக்கு வேண்டாம். ஐந்து கார்டு கையில், மூன்று பரிசுக் கார்டு. இருவரும் கார்டைத் திறந்தே வைத்து ஆடுங்கள்.

ஒரு முறையில் மூன்றே செயல்: ஒரு கார்டு எடு, ஓர் எனர்ஜி ஒட்டு, அடி. சேதம் பத்துப் பத்தாகப் போவதால் புளியங்கொட்டையை வைத்து எண்ணலாம், ஒரு கொட்டை பத்து. வீட்டில் இன்னும் சின்னது இருந்தால் கொட்டையும் வேண்டாம், 7-ஆம் பதிலைப் பாருங்கள். தாளில் கோடு போடட்டும். இரண்டு வாரத்தில் "முப்பதும் இருபதும் ஐம்பது" என்று வாய் தானாகச் சொல்லும். அதற்குப் பிறகு ஒவ்வொன்றாகச் சேருங்கள்: முதலில் பரிணாமம், அடுத்து இரண்டே வகை டிரெய்னர் கார்டு, கடைசியில் பலவீனம். எல்லாவற்றையும் ஒரே நாளில் சேர்த்தால் பிள்ளை டெக்கை விட்டு ஓடிவிடும்.

இரண்டு மூன்று வயதுக்கு ஆட்டம் வேண்டாம். நிறம் பிரிப்பது, ஒரே மாதிரியான படத்தைச் சேர்ப்பது, இதுவே அவர்களுக்கு ஆட்டம்தான்.

11. தோத்தா அழுது கார்டை வீசறான். வேணும்னே தோத்துடவா?

தொடர்ந்து வேண்டுமென்றே தோற்றால் ஆறு வயதில் கண்டுபிடித்துவிடுவான். அன்றோடு உங்களுடன் ஆடும் சுவை போய்விடும். தொடக்கத்திலேயே ஏற்றத்தாழ்வை வைத்து, அதைச் சொல்லிவிட்டு, நேர்மையாக ஆடுங்கள்: அவனுக்கு 4 பரிசுக் கார்டு, உங்களுக்கு 6. அவன் தொடர்ந்து மூன்று ஆட்டம் ஜெயித்தால் 5. உங்கள் டெக் பலவீனமானதாக இருக்கட்டும். பசி, தூக்க நேரங்களில் ஆடாதீர்கள். அழுகையில் பாதி அதனால் வருவது. வீசினால் அன்றைய ஆட்டம் முடிந்தது, கார்டுகளை அவனே பொறுக்கி அடுக்க வேண்டும். தண்டனை அதோடு போதும்.

12. பெட்டிக்கடையில தங்கக் கலர் போக்கிமான் கார்டு வாங்கிட்டு வந்துட்டா. அது உண்மையா?

போலி. வழக்கமான பூஸ்டர் பேக்கில் தங்க நிற பிளாஸ்டிக் கார்டு வருவதில்லை. மற்ற போலிகளைக் கண்டுபிடிக்க: பின்பக்க நீலம் வெளுத்திருக்கும், போக்கிமான் பெயரில் ஈ எழுத்தின் மேல் வரும் சிறு கோடு இருக்காது, ஆங்கிலம் பிழையாக இருக்கும், உயிர்ப்புள்ளி நம்பமுடியாத அளவுக்குப் பெரியதாக இருக்கும். செல்போன் டார்ச்சைப் பின்னால் பிடித்தால் உண்மைக் கார்டின் நடுவே உள்ள கருப்பு அடுக்கு வெளிச்சத்தைத் தடுக்கும், போலியில் பளிச்சென்று வரும். தெரிந்த ஓர் உண்மைக் கார்டைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள்.

பிடுங்கிக் கிழிக்காதீர்கள். அவளுக்கு அது பளபளப்பான பொக்கிஷம். தனி டப்பா கொடுத்து, "இது விளையாட, யார்கிட்டயும் மாத்தக் கூடாது" என்று சொன்னால் போதும். மாற்றினால் ஏமாறுவது இன்னொரு பிள்ளை.

13. வாரா வாரம் பேக் கேட்கறான். நானும் வாங்கறேன், அவனை மட்டும் எப்படி வேண்டாம்னு சொல்றது?

பேக் பிரிப்பதில் உள்ள கிளர்ச்சி, உள்ளே என்ன இருக்கும் என்று தெரியாததால் வருவது. லாட்டரியிலும் இதே இழுப்புதான். அதனால் பேக்கைப் பரிசாகவோ அழுகையை நிறுத்தவோ கொடுக்காதீர்கள். மாதத்தில் ஒரு நாள், ஆளுக்கு ஒன்று, உங்களுக்கும் அதே ஒன்று. இந்த விதி உங்கள் கையையும் கட்டும் என்பதால்தான் அவன் ஏற்றுக்கொள்வான்.

குறிப்பிட்ட கார்டு வேண்டும் என்றால் அதைத் தனியாக வாங்குங்கள். 36 பேக் உள்ள ஒரு பெட்டியைப் பிரித்தாலும் நீங்கள் நினைத்த கார்டு வரும் என்ற உறுதி இல்லை. தனிக் கார்டின் விலையையும் பெட்டி விலையையும் ஒரு தாளில் அருகருகே எழுதிப் பிள்ளைக்குக் காட்டுங்கள், ஏழு வயதில் புரியும்.

14. வீட்ல சொல்லாம வாங்கிட்டு இருக்கேன். மாசம் எவ்வளவு சரின்னு சொல்லுங்க.

எவ்வளவு என்பதை நீங்கள் இருவரும் உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டும். வாடகை, பள்ளிக் கட்டணம், மருத்துவம், சேமிப்பு எல்லாம் எடுத்த பிறகு இருவருக்கும் சமமான கைச்செலவுத் தொகை. அதற்குள் யார் என்ன வாங்கினாலும் கேள்வி இல்லை. கார்டு விற்ற பணமும் அதே தொகையில் சேரட்டும். இதுவரை வாங்கியதைச் சொல்லிவிடுங்கள், ரசீதோடு. ஒளித்து வைத்த தொகை எவ்வளவு என்பதைவிட ஒளித்ததுதான் வலிக்கும், நாள் ஆக ஆக வட்டி போல ஏறும்.

15. ஸ்கூல்ல பெரிய பையன் ஒருத்தன் என் பையனோட நல்ல கார்டை வாங்கிட்டு ஒண்ணுத்துக்கும் உதவாததைக் கொடுத்துட்டான். திரும்பக் கேட்கலாமா?

அந்தக் கார்டு உங்களுடையது என்றால் தாராளமாகக் கேட்கலாம். உங்கள் பையனுக்கு அதை மாற்ற உரிமையே இல்லை. அந்தப் பிள்ளையிடம் நேரே போகாமல் அவன் பெற்றோரிடம் பேசுங்கள், வாங்கிய கார்டைக் கையோடு கொண்டு போங்கள். உங்கள் பையனுக்கே கொடுத்துவிட்ட கார்டு என்றால் கொஞ்சம் யோசியுங்கள். அவனுக்கு அந்த மாற்றத்தில் மகிழ்ச்சி இருந்ததா என்று முதலில் கேளுங்கள். பிடித்த படத்துக்காக விலை கூடிய கார்டைக் கொடுப்பது குழந்தை கணக்கில் நியாயமான வியாபாரம். சந்தை விலை உங்கள் கவலை.

இனி நடக்காமலிருக்க இரண்டு விதி: பள்ளிக்குக் கார்டு போகாது, மற்ற இடத்தில் மாற்றுவதென்றால் ஒரு ராத்திரி தள்ளி, மறுநாளும் விருப்பம் இருந்தால்தான். எந்தக் கார்டு யாருடையது என்பதும் தெளிவாக இருக்கட்டும். ஸ்லீவ் நிறத்தில் பிரித்துவிடுங்கள்: அவனுடையது எல்லாம் ஒரே நிறம், அதை நீங்கள் தொடுவதென்றாலும் அவனைக் கேட்க வேண்டும்.

16. ஏழு வயசுப் பொண்ணு முதல் போட்டிக்குப் போறா. பக்கத்துல உட்கார்ந்து சொல்லித் தரலாமா?

கூடாது. நடக்கும் ஆட்டத்தில் வெளியாள் யோசனை சொன்னால் தண்டனை அவளுக்கும் வரலாம். முகபாவம், இருமல் எல்லாமே யோசனை சொல்வதில் சேரும். கொஞ்சம் தள்ளி நில்லுங்கள். அவளுக்கு ஒன்று மட்டும் பழக்குங்கள்: சந்தேகம் வந்தால் கையை உயர்த்தி "ஜட்ஜ்" என்று கூப்பிடுவது. வீட்டிலேயே ஐந்தாறு முறை உரக்கச் சொல்லிப் பார்க்கட்டும். பெரியவர்கள் நிறைந்த இடத்தில் குரல் எழுப்பத் தயங்குவார்கள்.

போக்கிமான் கார்டின் கீழ் இடது மூலையில் ஒரு சிறு எழுத்து இருக்கும். ஸ்டாண்டர்ட் போட்டியில் (அண்மைக் காலக் கார்டுகள் மட்டும் செல்லும் வகை) எந்த எழுத்துகள் செல்லும் என்பது வருடா வருடம் மாறும். 2025 ஏப்ரலில் எஃப் குறி போனது. உங்கள் பழைய பெட்டியிலிருந்து கட்டிய டெக் என்றால் முதல் நாளே 60 கார்டையும் புரட்டிப் பாருங்கள். ஒரே பெயரில் நாலுக்கு மேல் இருக்கக்கூடாது, அடிப்படை எனர்ஜிக்கு மட்டும் விலக்கு.

17. பிரிக்காத பெட்டிகளைப் பிள்ளையோட காலேஜ் செலவுக்குன்னு சேர்த்து வைக்கலாமா?

காலேஜ் செலவுக்கு நம்பாதீர்கள். சில பெட்டிகள் விலை ஏறியிருப்பது உண்மை. நிறுவனம் மறுபடி அச்சிட்டால் ஏற்றம் நின்றுவிடும், அந்த முடிவு உங்கள் கையில் இல்லை. பதினைந்து வருடம் ஈரமும் கரையானும் படாமல் காக்க வேண்டும், அட்டைமூலை நசுங்கினாலே விலை குறையும், அவசரத்துக்கு விற்கப் போனால் வாங்குபவர் சொன்னதுதான் விலை. படிப்புப் பணம் வங்கியிலோ அஞ்சலகத்திலோ இருக்கட்டும். பெட்டி சேர்ப்பது பிடித்திருந்தால் 14-ஆம் பதிலில் சொன்ன கைச்செலவிலிருந்து சேருங்கள்.

18. ரெண்டாவது குழந்தை வரப்போகுது. ரெண்டு வருஷம் மொத்தமா நிறுத்திடலாம்னு இருக்கோம். எல்லாத்தையும் வித்துடவா?

கர்ப்ப காலத்தின் அலுப்பில் விற்காதீர்கள். முதலில் மூன்றாகப் பிரியுங்கள். ஸ்டாண்டர்டில் இன்று விலை போகும் கார்டுகளில் பல இரண்டு வருடத்தில் போட்டியை விட்டு வெளியே போய்விடும். விற்பதானால் அவற்றை மட்டும் இப்போதே விற்கலாம். மனதுக்குப் பிடித்த ஒன்றிரண்டு டெக்கையும் 2-ஆம் பதிலில் சொன்ன 90 கார்டு பெட்டியையும் பத்திரமாக வையுங்கள். மீதி உள்ள சாதாரணக் கார்டுகள் மூத்த பிள்ளைக்கு.

வைப்பதை 8-ஆம் பதிலில் சொன்னபடி டப்பாவில் போட்டு, மூடியின் உட்பக்கம் உள்ளே இருப்பதன் பட்டியலையும் தேதியையும் ஒட்டுங்கள். மழைக்காலம் முடிந்ததும் ஒருமுறை திறந்து சிலிக்கா ஜெல்லை மாற்றுங்கள். டைஸும் காய்களும் வேறு டப்பாவில், பூட்டோடு; இரண்டாவது பிள்ளை தவழும்போது அதை எங்கே வைத்தோம் என்று தேடும் நிலை வரக்கூடாது.